கிராமச் சுற்றுலாவும் நாட்டுப்புறப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயல், மேய்ச்சல் மேடு, ஓடை, பழைய வீடுகள், இருட்டிய பிறகு நிஜமாகவே இருட்டாக இருக்கும் வானம். நகரத்தில் கிடைக்காத இவற்றைத் தேடித்தான் மக்கள் கிராமங்களுக்கு வருகிறார்கள். அவர்கள் வருவதாலேயே இவை குறைந்துபோனால் என்ன செய்வது? அதுதான் இந்தப் பக்கத்தின் கவலை. தங்கும் அறை கட்ட நினைப்பவர், ஊர்ப் பொறுப்பில் இருப்பவர், விடுமுறைக்கு எங்காவது கிளம்புகிறவர் என்று மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இங்கே கலந்து இருக்கின்றன.

கிராமத்தின் அழகு இயற்கை தந்தது. அதைத் தொடாமல் விட்டாலே போதாதா?

பெரும்பாலான இடங்களில் போதாது. காடு, சதுப்பு நிலம் போன்றவற்றுக்குத் தனியாக விடுவதே நல்ல பாதுகாப்பாக இருக்கலாம். நாட்டுப்புறம் அப்படியில்லை. நாம் ரசித்துப் பார்க்கும் காட்சியில் பெரும் பகுதி யாரோ ஒருவர் நேற்றும் இன்றும் செய்த வேலை. புல்வெளி பசுமையாக, தாழ்வாக விரிந்து கிடக்கிறதென்றால் அங்கே ஆடுமாடுகள் மேய்கின்றன, அல்லது யாரோ புல் அறுக்கிறார்கள் என்று அர்த்தம். மேய்ச்சல் நின்ற சில ஆண்டுகளில் புதர் ஏறும், பூச்செடிகள் நிழலில் மங்கும்.

இத்தாலியின் சிங்குவே தெர்ரே பகுதியைப் பாருங்கள். கடலை ஒட்டிய செங்குத்தான மலைச்சரிவில், சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள்தான் அங்குள்ள திராட்சைத் தோட்டங்களைத் தாங்குகின்றன. அந்த நிலக்காட்சிக்காகவே 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. ஆனால் மலையில் கல் தூக்குவதைவிடக் கீழே அறை வாடகைக்கு விடுவது எளிது. தலைமுறை தலைமுறையாகப் பல அடுக்குகள் கைவிடப்பட்டன. கவனிக்க ஆளில்லாத சுவர் சரிந்தால் அதன் பின்னால் இருக்கும் மண்ணும் சேர்ந்து வரும். 2011 அக்டோபரில் கொட்டிய பெருமழையில் வெர்னாஸ்ஸா, மொண்டெரோஸ்ஸோ என்ற இரண்டு ஊர்களின் தெருக்களைச் சேறும் கல்லும் மூடின. மழைதான் காரணம், சந்தேகமில்லை. ஆனால் பராமரிக்கும் கைகள் இல்லாத சரிவு அந்த மழையைத் தாங்கும் திறனை முன்பே இழந்துகொண்டிருந்தது.

ஆகவே நாட்டுப்புறத்தைக் காப்பது என்றால் முதலில் அங்கே உழைப்பவர்களைக் காப்பது. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன: சுற்றுலா ஊர் வேலையை ஒட்டி நடக்க வேண்டும், ஊர் வேலை சுற்றுலாவுக்காக வளையக் கூடாது.

அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. விளைச்சலை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஊரில் தங்க முடியாத நிலை பல நாடுகளில் இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடுகிறது, பேருந்து நிற்கிறது, பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். அறை வாடகையும் வழிகாட்டி வேலையும் அந்தக் குடும்பத்தை நிலத்தில் நிறுத்தி வைக்கும் என்றால் அது பாதுகாப்புக்குக் கிடைத்த உதவிதான்.

வேளாண்மையும் சுற்றுலாவும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பது 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது வெளிச்சத்துக்கு வந்தது. நோயைத் தடுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. தொற்று காலணிகளில் ஒட்டிப் பரவாமல் இருக்க நாடெங்கும் நடைபாதைகள் மூடப்பட்டன. பண்ணையாளருக்கு நேர்ந்த இழப்புக்குக் கிட்டத்தட்ட சமமான இழப்பு சுற்றுலாத் தொழிலுக்கும் நேர்ந்தது. மாட்டுக்கு வந்த நோய், மாடே வைத்திருக்காத விடுதிக்காரரையும் படுக்க வைத்தது. இரண்டும் ஒரே மண்ணில் நிற்கின்றன என்று அன்றைக்குப் பலர் புரிந்துகொண்டார்கள்.

நாலு பேர் நடந்துபோவதால் நிலம் கெட்டுவிடுமா?

கெடும். அதுவும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாக. மிதிபடுவதைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் ஒரு விஷயம் உண்டு: சேதம் ஆட்களின் எண்ணிக்கையோடு சீராக ஏறுவதில்லை. மிதிபடாத நிலத்தில் முதலில் நடக்கும் சிலரே பெரும் சேதத்தைச் செய்துவிடுகிறார்கள். செடி முறிகிறது, மண் இறுகுகிறது, நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. அதற்குப் பிறகு வரும் நூறு பேர் கூடுதலாகச் செய்யும் கெடுதல் அந்த அளவுக்கு இருக்காது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த பாதை இருந்தால் எல்லோரும் அதிலேயே நடப்பதுதான் நல்லது, வழியில் சேறு இருந்தாலும் சரி. சேற்றுக்கு ஒதுங்கி ஓரமாக நடப்பவர்தான் பாதையை அகலமாக்குகிறார். இங்கிலாந்தின் பென்னைன் நெடுவழியில் இதுவே நடந்தது. 1965-இல் திறக்கப்பட்ட அந்த 430 கிலோமீட்டர் நடைவழி, கரிச்சதுப்பு மேடுகளைக் கடக்கும் இடங்களில் பல மீட்டர் அகலக் கறுப்புச் சேறாக மாறியது. கடைசியில் இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து வரிசையாகப் பதித்தார்கள். இயற்கையான மேட்டில் கல் பாவுவதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் ஓரங்களில் செடிகள் திரும்பி வந்தன. நடப்பவரின் கால் கல்லில் இருந்தது, நிலத்துக்கு மூச்சு கிடைத்தது.

கூட்டத்தைப் பல ஊர்களுக்குப் பரப்பிவிட்டால் பிரச்சினை தீராதா?

இது எல்லா இடத்திலும் முதலில் சொல்லப்படும் யோசனை. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. மேலே சொன்ன காரணமே போதும்: தொடாத இடத்தில் முதலில் விழும் கால்தான் அதிகம் கெடுக்கும். கழிவறையும் குப்பை அகற்றலும் கட்டிய நடைபாதையும் உள்ள ஓர் ஊரிலிருந்து, இவை எதுவுமே இல்லாத பத்து ஊர்களுக்குக் கூட்டத்தைத் திருப்பினால் ஒரு பிரச்சினை பத்தாகிறது. அந்தப் பத்து ஊர்களும் கேட்டுக்கொண்டு, முன்கூட்டியே தயாராகி நின்றால் அது வேறு கதை. நாட்களைப் பரப்புவது மேல். வாரக் கடைசியில் வரும் கூட்டத்தை வார நாட்களுக்குக் கொஞ்சம் நகர்த்தினாலே ஊருக்குப் பெரிய நிம்மதி.

வயலில் இறங்கி ஒரே ஒரு படம் எடுத்தால் என்ன?

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பியெய் என்ற ஊர் இருக்கிறது. மலைச்சரிவு வயல்களுக்கு நடுவே தனியாகச் சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரம் அங்கே படம் பிடிப்பவர்களிடையே பெரிய பெயர் பெற்றது. 'தத்துவ மரம்' என்று அதற்குப் பெயர். அது நின்றது ஒருவருடைய சொந்த நிலத்தில். நுழையாதீர்கள் என்று பலமுறை கேட்டும் ஆட்கள் பயிருக்குள் நடந்தார்கள். மரத்துக்கும் வயதாகியிருந்தது. 2016 பிப்ரவரியில் நில உரிமையாளர் மரத்தை வெட்டிவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலணியில் ஒட்டிவரும் மண்ணோடு நூற்புழுக்களும் நோய்க்கிருமிகளும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். உருளைக்கிழங்கு பயிரிடும் பகுதிகளில் முட்டைக்கூடு நூற்புழு ஒருமுறை மண்ணில் ஏறிவிட்டால் பல ஆண்டுகளுக்குப் போகாது. படம் எடுத்தவருக்கு அது ஒரு நிமிடம். நிலத்துக்காரருக்குப் பத்து வருட விளைச்சல்.

வரப்போடு நில்லுங்கள். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் ஆளைத் தேடிக் கேளுங்கள்.

ஓர் ஊருக்கு எத்தனை பேர் வரலாம் என்று எப்படிக் கணக்கிடுவது?

"இந்த இடம் இத்தனை பேரைத் தாங்கும்" என்று ஒற்றை எண்ணைத் தேடித்தான் முதலில் எல்லோரும் ஆராய்ந்தார்கள். அது சரிவரவில்லை. அமைதியாக நடந்துபோகும் ஐம்பது பேரும், ஒலிபெருக்கியோடு வரும் ஐம்பது பேரும் ஒன்றல்ல. 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்கலாம் என்று கேட்டார்கள். பாதையின் அகலம், ஓடையின் தெளிவு, கூடு கட்டும் பறவைகளின் எண்ணிக்கை என்று அளக்கக்கூடிய சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வைப்பது. எல்லையை நெருங்கினால் என்ன செய்வோம் என்பதையும் அப்போதே எழுதி வைப்பது. இந்த முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. ஏனென்றால் இங்கே பேசுவது நிலம்.

எண்ணிக்கையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சில இடங்களில் எண்ணை வைத்துத்தான் ஆக வேண்டும். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு நடைவழியில் முக்கியப் பருவத்தில் தாமாக நடப்பவர்கள் நாளொன்றுக்கு 40 பேர்தான் கிளம்பலாம், எல்லோரும் ஒரே திசையில். பெருவின் இன்கா நடைவழியில் வழிகாட்டிகள், சுமைதூக்குவோர் உட்பட நாளுக்கு 500 பேர். இரண்டும் தங்கும் இடம், கழிவறை, பாதை ஆகியவற்றைப் பார்த்து வைக்கப்பட்ட எண்கள், நடைமுறையில் நிற்கின்றன.

எண் வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் இருக்கிறது. ஏரிக்கரையில் எண்ணூறுக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர். கோடை நாட்களில் 10,000 பேர் வரை வந்து போனார்கள். 2020-இல் சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்பதிவு நேரம் கட்டாயமாக்கப்பட்டது. அப்படியும் 2023-இல் ஊர்மக்கள் தெருவில் இறங்கி, நாளுக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு கேட்டார்கள். தன் வீட்டு வாசலில் நிற்பதற்கே இடம் கேட்க வேண்டிய நிலை எந்த ஊருக்கும் வரக் கூடாது.

பாதுகாப்பும் பொழுதுபோக்கும் நேராக மோதினால் எதற்கு முதலிடம்?

நிலத்துக்கு. பிரிட்டன் இதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கே தேசியப் பூங்காக்கள் என்பவை ஆள் இல்லாத காடுகள் அல்ல. பண்ணைகளும் ஊர்களும் உள்ளே இருக்கும் நாட்டுப்புறம். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு இரண்டு நோக்கங்களைக் கொடுத்தது: அழகைக் காப்பது, மக்கள் அனுபவிக்க வழி செய்வது. மோதினால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. கார் வைத்திருப்போர் பெருகப் பெருக மோதலும் பெருகியது. சாண்ட்ஃபோர்டு பிரபு தலைமையிலான குழு 1974-இல் அறிக்கை தந்தது. முதலில் இரண்டையும் சமரசப்படுத்தப் பாருங்கள், முடியாதபோது பாதுகாப்புக்கே முன்னுரிமை என்றது அது. 1995-இல் இது சட்டமாகவும் ஆனது.

எல்லா மோதலையும் இந்த விதியை வைத்துத் தீர்க்கத் தேவையில்லை. பெரும்பாலானவை வேலி வாசலை நகர்த்துவதிலோ, நேரத்தை மாற்றுவதிலோ முடிந்துவிடும். ஆனால் கடைசியில் எந்தப் பக்கம் சாயும் என்பது முன்பே தெரிந்திருந்தால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி நடக்கும்.

கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் அல்லவா?

குறையும். 1974-இல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்த பூட்டான், ஆரம்பத்திலிருந்தே குறைவான ஆட்கள், அதிக வருவாய் என்ற வழியில் போகிறது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் நாளொன்றுக்கான கட்டணத்தை 200 டாலராக உயர்த்தியது. வருகை எதிர்பார்த்தபடி மீளாததால் 2023-இல் அதை 100 டாலராகக் குறைத்தது. ஒரு நாடு தன் எல்லையில் நின்று வசூலிப்பதால் இது அங்கே முடிகிறது. தனி ஒரு கிராமத்துக்கு அந்தக் கதவு இல்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. கட்டணம் மட்டும் கருவியாக இருந்தால் பணக்காரருக்கு மட்டும் நாட்டுப்புறம் என்றாகும். இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வேண்டும் என்று போராடிப் பெற்ற உரிமை அது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறியவர்களில் சிலர் சிறைக்கே போனார்கள். குலுக்கல், முன்பதிவு, குறைந்த விலையில் சில நாட்கள் போன்றவற்றையும் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரும் பணம் ஊரில் தங்க என்ன வழி?

கிராமச் சுற்றுலா என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் இப்படித்தான்: வெளியூர் முதலாளியின் விடுதி, வெளியூர் வண்டி, வெளியிலிருந்து வரும் காய்கறி. ஊருக்கு மிஞ்சுவது குப்பையும் இரண்டு துப்புரவு வேலையும். இதை மாற்றிக் காட்டிய சில ஏற்பாடுகளை மட்டும் சொல்கிறேன்.

லடாக்கில் பனிச்சிறுத்தை ஆடுகளைக் கொல்வதால் மேய்ப்பர்களுக்கு அதன்மேல் கோபம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக் போன்ற ஊர்களில் வீடுகளிலேயே பயணிகளைத் தங்க வைக்கத் தொடங்கினார்கள். விருந்தாளிகள் முறை வைத்து வீடு வீடாக அனுப்பப்படுகிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எல்லோரும் போய்விடாமல் இருக்க இந்த முறை உதவுகிறது. வருமானத்தில் ஒரு பகுதி ஊர்ப் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. சிறுத்தையைப் பார்க்க ஆள் வரும்போது, ஓர் ஆடு போனால் வரும் கோபத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது.

நேபாளத்தின் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியில் 1986 முதல் நடக்கும் திட்டத்தில், மலையேறுவோர் கட்டும் நுழைவுக் கட்டணம் அந்தப் பகுதியின் வேலைகளுக்கே திரும்புகிறது. விடுதி அடுப்புகள் காட்டை விழுங்கிக்கொண்டிருந்தன. சில பகுதிகளில் விறகுக்குப் பதில் மண்ணெண்ணெய் கட்டாயமாக்கப்பட்டது. பிளாஸ்டிக் பாட்டில் மலையேறாமல் இருக்கச் சுத்திகரித்த குடிநீர் நிலையங்கள் வந்தன.

மூன்றாவது இத்தாலி. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். பண்ணைத் தங்கலுக்கு அங்கே 1985 முதல் தனிச் சட்டம் உண்டு, 2006-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அதன் உயிர்நாடி ஒரே விதி: விருந்தோம்பலைவிட விவசாயமே மேலோங்கி இருக்க வேண்டும். இதை எதற்கு எத்தனை மணி நேர உழைப்பு போகிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். பத்து பேருக்குமேல் தங்க வைக்காத சிறு பண்ணைக்கு அந்தக் கணக்கும் தேவையில்லை, விவசாயம்தான் முதன்மை என்று எடுத்துக்கொள்ளப்படும். உழுவதை நிறுத்தியவர் பண்ணைத் தங்கல் என்ற பலகையை மாட்ட முடியாது. இப்படி ஒரு விதி இல்லாத இடங்களில் நாலு வாழைமரத்தை நட்டுவிட்டுப் பண்ணை வீடு என்று விளம்பரம் செய்வது நடக்கத்தான் செய்யும்.

சுற்றுலா வருமானம் அதிகமானால் விவசாயம் தானாகவே நின்றுவிடாதா?

நிற்கக்கூடும், அதுதான் பெரிய ஆபத்து. பிலிப்பீன்ஸில் இஃபுகாவ் மக்களின் அடுக்கு நெல்வயல்கள் 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஆறே ஆண்டுகளில், 2001-இல், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் ஏறின. இளைஞர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், வாய்க்கால்கள் தூர்ந்தன, வரப்புச் சுவர்கள் சரிந்தன, கட்டுப்பாடு இல்லாமல் கட்டடங்கள் எழுந்தன. வாய்க்கால்களையும் சுவர்களையும் சீர்படுத்தி, ஊர்களின் பழைய நிர்வாக முறைகளுக்கு வலுவூட்டிய பிறகு 2012-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து விடுபட்டன. வயலைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. ஆனால் வயலில் இறங்கியவருக்கு அந்தப் பணத்தில் பங்கு போகவில்லை.

அதனால் அறை வாடகையில் ஒரு பங்கு நேரடியாக வரப்புக்கும் வாய்க்காலுக்கும் சுவருக்கும் போக வேண்டும். 'ஊர் வளர்ச்சி' என்று பொதுவாகச் சொல்லி வாங்கினால் அது அலங்கார வளைவாகவும் வண்ண விளக்காகவும் முடியும்.

வெளியாட்கள் வீடு வாங்குவதைத் தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் தாமதித்தால் முடியாது. ஜப்பானின் ஷிரகாவா-கோ பகுதியில், செங்குத்தான புல் கூரை வீடுகள் உள்ள ஓகிமாச்சி ஊரார் 1971-லேயே தங்களுக்குள் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். உலகப் பாரம்பரிய அங்கீகாரம் வந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1995-இல். ஊர் முந்திக்கொண்டது, அதனால் பிழைத்தது. குளிர்காலத்தில் வீடுகளுக்கு விளக்கேற்றும் நாட்களில் கூட்டம் அளவு மீறியபோது, 2019 முதல் முன்பதிவு இல்லாமல் வர முடியாது என்று மாற்றினார்கள்.

சுவிட்சர்லாந்தில் 2012-இல் நடந்த பொது வாக்கெடுப்பில், எந்த ஊரிலும் விடுமுறை வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற முன்மொழிவு மயிரிழையில் வென்றது. ஆண்டில் மூன்று வாரம் மட்டும் விளக்கெரியும் வீடுகளால் ஊர் நிரம்பினால் கடை மூடும், பள்ளி மூடும், தீ பிடித்தால் ஓடிவர ஆள் இருக்காது. இப்படித் தடை போட்டால் ஏற்கெனவே உள்ள வீடுகளின் விலை ஏறும் வாய்ப்பும் உண்டு. அதனால் உள்ளூர்க்காரர் கட்டிக்கொள்ள இடம் ஒதுக்குவதும் கூடவே நடக்க வேண்டும்.

தண்ணீரும் கழிவும்?

முதல் அறை கட்டும் முன் கேட்க வேண்டியது இது. கோடையில்தான் விருந்தாளி அதிகம் வருவார், கிணறு வற்றுவதும் அப்போதுதான். நீச்சல் குளம், தினமும் துவைக்கும் விரிப்புகள், நீர் கேட்கும் புல்தரை எல்லாம் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் குடிக்கும். வறட்சியான மாதத்தில் ஊருக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதை வைத்து அறைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். மழைக்காலக் கணக்கு ஏமாற்றிவிடும். செப்டிக் டேங்க் ஒரு குடும்பத்துக்காகக் கட்டியதென்றால் இருபது பேரை அது தாங்காது, கசிந்து கிணற்றுக்கு வரும்.

கழிவறை இல்லாத வெளியில் நடப்பவர்கள் ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும், பழத்தோல் உட்பட.

நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கயிற்றில் பிடித்துக்கொண்டு போகலாம். தரையில் கூடு கட்டும் பறவைகள் நாயைக் கண்டதும் எழுந்து பறந்துவிடும், முட்டை குளிர்ந்துவிடும், அல்லது காக்கை வந்துவிடும். இங்கிலாந்தில் பொது அனுமதி உள்ள மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை குட்டைக் கயிறு கட்டாயம். நாயின் எச்சத்தில் இருக்கக்கூடிய நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மேய்ச்சல் புல் வழியாகப் பசுவுக்குள் போனால் கரு கலையும். ஆகவே அதை அள்ளி எடுத்துக்கொண்டு போங்கள், வேலியில் பையைத் தொங்கவிட வேண்டாம்.

எல்லோருக்கும் எங்கும் நடக்க உரிமை இருந்தால் நிலம் கெடாதா?

உரிமையும் ஒழுங்கும் சேர்ந்தே வளர்ந்த நாடுகள் இருக்கின்றன. நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடி செய்யாத நிலத்தில் யாரும் நடக்கலாம் என்கிறது. ஆனால் கூடாரத்தை ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளித்தான் போட வேண்டும். சாகுபடி நிலத்தில் கால் வைக்கலாமா என்பதற்கு அந்தச் சட்டம் சொல்லும் பதில் எனக்குப் பிடிக்கும்: மண் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது வைக்கலாம், ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை கூடாது. பயிருக்கு எப்போது வலிக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம்.

ஸ்காட்லாந்தும் 2003-இல் இதுபோன்ற உரிமையைச் சட்டமாக்கியது. ஆனால் லோமண்ட் ஏரிக்கரையில் கூடாரங்களும் உடைந்த பாட்டில்களும் குவிந்தபோது, 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை சில கரைகளில் அனுமதிச் சீட்டு கேட்கப்படுகிறது. உரிமையை ரத்து செய்யாமல், கெட்டுப்போன கரைக்கு மட்டும் விதி வைத்தார்கள். இதுவே சரியான அளவு என்பது என் எண்ணம்.

காரில் வருவதைக் குறைக்க முடியுமா?

ஊருக்கு வெளியே நிறுத்த இடமும், அங்கிருந்து உள்ளே வர நம்பத்தகுந்த வண்டியும் இருந்தால் முடியும். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் கார்கள் டேஷ் என்ற ஊரோடு நின்றுவிடுகின்றன, மிச்சத் தூரம் ரயில். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காப் பள்ளத்தாக்கில் 2000 முதல் பருவகாலத்தில் சிற்றுந்துதான். வண்டியை நிறுத்த இடமில்லை என்று பலகை மட்டும் வைத்தால் ஆட்கள் வயல் ஓரத்தில் நிறுத்துவார்கள், அறுவடை வண்டி போக வழியிருக்காது.

அழகான இடத்தைக் கண்டால் லொகேஷனைப் பகிரலாமா?

ஐஸ்லாந்தில் ஃப்யாத்ரார்க்லியூவுர் என்ற பள்ளத்தாக்கு 2015-இல் ஒரு புகழ்பெற்ற பாப் பாடகரின் காணொளியில் வந்தது. அதற்கு முன் அங்கே பெரிய கூட்டம் இல்லை. பிறகு வந்தவர்களின் காலடியில் ஓரமெல்லாம் பாசி பிய்ந்து சேறானது. 2019-இல் பல மாதங்கள் அதை மூடி வைக்க வேண்டியதாயிற்று. அந்த நிலத்தில் பாசி திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஊர், மாவட்டம் அளவில் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன், துல்லியப் புள்ளியைப் போடமாட்டேன். பறவைக் கூடு, அரிய செடி, தனியார் நிலம் என்றால் ஊர்ப் பெயரும் வேண்டாம். நடைபாதையும் கழிவறையும் வண்டி நிறுத்தும் இடமும் உள்ள இடத்தைத் தாராளமாகப் பகிருங்கள், அந்த வசதி அதற்காகத்தான் இருக்கிறது.

சில நாட்கள் மூடி வைப்பது வியாபாரத்தைக் கெடுக்காதா?

இன்கா நடைவழி ஒவ்வொரு பிப்ரவரியும் மூடப்படுகிறது. மழை மாதம், பாதையைச் செப்பனிடும் மாதம். அதனால் யாரும் அந்த நடைவழியை மறந்துவிடவில்லை. ஃபரோ தீவுகள் 2019 ஏப்ரலில் இதை இன்னும் அழகாகச் செய்தன. ஒரு வாரக் கடைசிக்குப் பல இடங்களைச் சுற்றுலாவுக்கு மூடிவிட்டு, வெளிநாடுகளிலிருந்து 100 தன்னார்வலர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் ஊராரோடு சேர்ந்து பாதை போட்டார்கள், சுவர் அடுக்கினார்கள், பலகை நட்டார்கள். சாப்பாடும் தங்குமிடமும் தீவின் பொறுப்பு. அறுவடை, குட்டி ஈனும் பருவம், கூடு கட்டும் பருவம் இவற்றில் ஒன்றுக்காவது உங்கள் ஊரும் கதவைச் சாத்தி வைக்கலாம். காரணத்தைப் பலகையில் எழுதுங்கள், வருகிறவர்களில் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் ஊருக்கு இன்னும் கூட்டம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கூட்டம் வருவதற்கு முன்பே கேட்கிறீர்களே, அதுவே பாதி வேலை. அறை கட்டுவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். ஊரில் வயதானவர்கள், மாடு மேய்ப்பவர்கள், தண்ணீர் திறந்துவிடுபவர் ஆகியோரோடு எல்லையைச் சுற்றி நடந்து வாருங்கள். யாரும் போகக் கூடாத இடம், கேட்டுவிட்டுப் போகலாம் என்ற இடம், தாராளமாகப் போகலாம் என்ற இடம் என்று மூன்றாகப் பிரித்து வரைபடத்தில் குறியுங்கள். கோடையில் கிணறுகளின் மட்டத்தை எழுதி வையுங்கள். மொத்தம் எத்தனை அறை, யார் வீட்டுக்கு எந்த முறையில் ஆள், வாடகையில் எத்தனை பங்கு வாய்க்காலுக்கு என்பதை ஊர்க் கூட்டத்தில் பேசி எழுத்தில் வையுங்கள். முதல் விருந்தாளி வந்த பிறகு இதைப் பேசினால், அறை கட்டியவரும் கட்டாதவரும் எதிரெதிராக உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. ஓடைக்கரை, மேய்ச்சல் மேடு, ஊருக்குள் வரும் பாதை என்று ஐந்தாறு இடங்களில் நின்று படம் எடுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மாதம், அதே இடத்தில், அதே திசையில். நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள், அடுத்த வருடம் படம் எடுப்பவர் வேறு ஆளாக இருக்கலாம்.